அபிராமபுரத்து மாடியில் அருந்ததி

வைகாசி மாதத்தில் சென்னைக்கு வா என்று கூப்பிடுகிறவர் நமக்கு வேண்டியவராக இருக்க முடியாது. சுபா கூப்பிட்டாள். அதுவும் எப்படி? "ஹெலன்க்கா, கேமரா, ஸ்டாண்டு எல்லாத்தையும் எடுத்துண்டு வாங்கோ. நீங்க வரலேன்னா கல்யாணம் நடக்காது." மாப்பிள்ளை வராவிட்டால் கல்யாணம் நடக்காது, சரி. மஸ்கட்டில் கணக்கெழுதிப் பிழைக்கிற நாகர்கோவில்காரி ஒருத்தி வராவிட்டால் ஏன் நடக்காது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

சுபா மயிலாப்பூர்ப் பக்கத்துப் பெண். முதல் கல்யாணம் முறிந்த பிறகு வேலை தேடி மஸ்கட்டுக்கு வந்து, என்னோடு ஒரே வீட்டில் சில வருஷம் இருந்தாள். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. லீவு கிடைத்தால் பாலைவனத்துக்குப் போய் ராத்திரி வானத்தைப் படம் எடுப்பேன். கீழே மணல்மேடு, மேலே பால்வீதி, நடுவில் ஒட்டகம் ஒன்று அசையாமல் நின்றால் அதிர்ஷ்டம். ஒரு தடவை அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, "வால் நுனியிலேருந்து ரெண்டாவதைப் பாரு. பக்கத்துல ஒட்டிக்கிட்டு சின்னதா ஒண்ணு நிக்குதா? பெரியது வசிட்டர், சின்னது அருந்ததி" என்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதையா நான் பார்த்தேன்னு சொன்னேன்?" என்றாள்.

அவளுடைய முதல் கல்யாணம் தி.நகரில் ஏசி மண்டபத்தில் நடந்தது. பட்டப்பகலில், மண்டபத்துக்குள் நிற்கவைத்து, கூரையைப் பார்த்து விரல் நீட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியறது என்று சொல்லியிருக்கிறாள். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் சொல்கிற பதில்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அந்த மணலில் உட்கார்ந்துகொண்டு சுபா சொன்னாள்: "அதுலதான்க்கா ஆரம்பிச்சது. அப்புறம் அந்த வீட்டுல எது கேட்டாலும் தெரியறது, சரி, ஆமாம்னே சொல்லிண்டிருந்தேன். கடைசியில எனக்கு என்னதான் தெரியும்னு எனக்கே தெரியல."

இப்போது இரண்டாவது கல்யாணம். இந்தத் தடவை பார்த்தால்தான் பார்த்தேன் என்று சொல்லுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆக, மின்விளக்குகள் கொட்டிக்கிடக்கிற சென்னை நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரத்தைக் கல்யாணத்தன்று சாயங்காலம் நான் அவளுக்குக் காட்டியாக வேண்டும். கேட்டவுடன் சிரித்தேன். டிக்கெட் எடுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

விமான நிலையத்துக்கு வெளியே காலை வைத்ததும் புரிந்துபோனது. மஸ்கட் வெயில் அடுப்பு. சென்னை வெயில் இட்லிப் பானை. அங்கே வறுபடுவோம், இங்கே வேகுவோம். ஆட்டோ ஓட்டி வந்தவர் கண்ணாடியில் என் தோள்பையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா மேடம், துப்பாக்கி மாரி தொங்க வுட்டுக்கினு கீறீங்க?" என்று கேட்டார். கேமரா ஸ்டாண்டு, நட்சத்திரம் படம் எடுக்க என்றேன். சற்று யோசித்தார். "மெட்ராஸ்லயா?" என்றார். அதற்குப் பிறகு அபிராமபுரம் வரும்வரை என்னிடம் பேசவில்லை. வழிவிட மறுத்த ஒரு தண்ணீர் லாரியிடம்தான் பேசினார்.

சுபாவின் அம்மா விசாலம் மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "வெயில்ல வதங்கிப் போயிட்டேளே, மொதல்ல இதைக் குடியுங்கோ" என்று மோரைக் கையில் கொடுத்தார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட மோர். பாலைவனத்தில் நான் தாகமெடுத்து நின்ற நேரங்களை எல்லாம் நினைத்து வருத்தப்பட்டேன். பின்னாலேயே நுங்கு வந்தது. அதன் பின்னால் வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு. எங்கள் ஊரில் தேங்காயைக் கண்ணை மூடிக்கொண்டு அரைப்போம். இங்கே எண்ணி அரைக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனாலும் ருசி குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுப் பையைப் பிரித்தால், ஸ்டாண்டையும் கேமராவையும் சேர்க்கிற தகட்டைக் காணோம். பிஸ்கெட் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டாண்டு வெறும் குச்சி. மஸ்கட்டில் பழைய கேமராவின் அடியில் மாட்டியபடி அது சுகமாக உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சுபா பதறவில்லை. "பார்த்திகிட்ட சொல்றேன்" என்றாள். பார்த்தி என்கிற பார்த்திபன்தான் மாப்பிள்ளை.

அன்று சாயங்காலம் வெறுங்கண்ணோடு மொட்டை மாடிக்குப் போனேன். வானம் இருட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாக இருட்டியபோதும் அது கறுப்பாகவில்லை. பழைய மஞ்சள் வேட்டியின் நிறத்தில் நின்றது. வடக்கே கபாலி கோயில் கோபுரத்தின் உச்சி விளக்கொளியில் தெரிந்தது. அதற்கு மேலே ரொம்ப உயரத்தில் சப்தரிஷிகளைத் தேடினேன். ஏழு பேரில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அருந்ததியின் சுவடே இல்லை. காற்று வாங்க வந்திருந்த ஒரு சிறுமி தன் அப்பாவிடம், "நட்சத்திரத்துக்கும் ஸ்கூல் லீவாப்பா?" என்று கேட்டாள். அந்த மனிதர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஈக்காட்டுத்தாங்கல். பார்த்திபனின் லேத் பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருக்கிறது. சுபா மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து சேர்ந்த ஆபீஸ் அதே தெருவில். ஆபீஸ் கதவுக்கு ஒரு கீல் செய்யப் போய் ஆரம்பித்த பழக்கமாம். நாற்பதை நெருங்குகிற மனிதர், சட்டைப்பையில் எப்போதும் அளவுகோல். அவர் வீட்டில் பேசுகிற தமிழும் மாமி வீட்டில் பேசுகிற தமிழும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் சுபா ஒரு தமிழ் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

"வாங்கக்கா. நட்சத்திரம் புடிக்கிற அக்கா நீங்கதானா?" என்று ஸ்டாண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு அலுமினியத் துண்டை எடுத்தார். இயந்திரம் சுற்றியது, சுருள் சுருளாக அலுமினியம் விழுந்தது, எனக்கு டீயும் பட்டர் பிஸ்கெட்டும் வந்தன, தகடும் வந்தது. மாட்டிப் பார்த்தோம். அச்சாக இருந்தது. நான் நன்றி சொல்லிக் கிளம்பும்போது அவர் கேமராவை விரலால் லேசாகத் தட்டினார்.

"செட் ஆவலக்கா."

"இது போதும் தம்பி, நல்லாத்தானே இருக்கு."

"ஆடுது. நீங்க பாக்கல, நான் பாத்தேன்" என்றார். அதைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு வேறு துண்டை எடுத்தார். இரண்டாவது தகடு மலைபோல உட்கார்ந்தது. என் கேமராவுக்கு இப்போதும் அதுதான். கம்பெனித் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அங்கிருந்து மெட்ரோ ரயிலில் தி.நகர்ப் பக்கம் போக வேண்டும். வெயிலிலிருந்து ஏசிக்குள் வந்த சுகத்தில் எந்தப் பக்கம் போகிற ரயில் என்று பார்க்காமல் ஏறி, ஏறியவுடன் தூங்கியும்விட்டேன். எழுப்பியது மல்லிகைப்பூ வாசனை. எதிரில் பூக்கூடையோடு ஓர் அம்மாள். "தி.நகரா? அதுக்கு அந்தாண்ட போவணும். நீ கோயம்பேடு வந்துட்ட" என்றார். இறங்கி என்னை எதிர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஒரு பெண் போலீஸிடம் ஒப்படைத்து, "இத்த தி.நகர் பக்கம் எறக்கி வுடும்மா, தூங்கிக்கினே போவுது" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார். நாற்பத்தாறு வயதில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறைப்பட்டதில்லை.

தி.நகரில் எனக்கு வேண்டியது கறுப்புத் துணியில் ஒரு முக்காடு. பக்கத்து வீட்டு விளக்கொளி கேமராவில் விழாமல் மறைக்க. கூட்டத்தில் நாம் நடக்க வேண்டியதில்லை. அதுவே கொண்டுபோய் விட்டுவிடும். என்னை ஒரு பாத்திரக் கடை வாசலில் விட்டது, பிறகு ஒரு வளையல் கடையில், கடைசியில் புண்ணியத்துக்கு ஒரு தையல் கடைச் சந்தில். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்த பாய், "பொட்டிக்குச் சட்டையா மேடம்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"நாங்களும் ரம்ஜானுக்கு மாடி ஏறித்தான் பிறை தேடுவோம். மேகம் மூடிச்சுன்னா முடிஞ்சுது, இன்னொரு நாள் நோன்பு. பிரியாணிக்கு எல்லாம் வாங்கி வெச்சிட்டு நிக்கிற எங்க வீட்டுப் பொம்பளைங்க மூஞ்ச அப்போ நீங்க பாக்கணும்." அதைச் சொல்லும்போதே அவர் கையில் முக்காடு தயாராகிவிட்டது. ஓரத்தில் கேட்காமலே ஒரு நாடாவும் வைத்துத் தைத்திருந்தார், காற்றில் பறக்காமல் கட்டிக்கொள்ள. இந்த ஊரில் கேட்டதைச் செய்து கொடுப்பவர்களைவிட, கேட்க மறந்ததைச் செய்து கொடுப்பவர்கள் அதிகம்.

அடுத்த நாள் அடையாறு தாண்டி, பெசன்ட் நகர்க் கடற்கரை. கடலோரம் இருட்டாக இருக்கும், அங்கே காட்டலாமே என்று மாமி சொன்ன யோசனை. இருட்டு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கடல் கிழக்கே இருக்கிறது, அருந்ததி வடக்கே. வடக்கே திரும்பினால் ஊரின் வெளிச்சம் முழுவதும் திரண்டு வந்து முகத்தில் அடிக்கிறது. சென்னையில் இருட்டு ஒரு பக்கம், நட்சத்திரம் ஒரு பக்கம். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று கேமராவைக் கடல் பக்கம் திருப்பினேன். மணலில் இழுத்துப் போட்டிருந்த படகுகள். அவற்றுக்கு மேலே தென்கிழக்கில் விருச்சிகம் எழுந்துகொண்டிருந்தது.

என் மிரர்லெஸ் கேமராவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பழைய கேமராக்களில் கண்ணாடி ஒன்று உள்ளே மேலும் கீழும் போய்வரும். இதில் அது இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்திலும் ஒரு குட்டித் திரைதான் இருக்கிறது. இருட்டில் அது நம் கண்ணைவிட அதிகம் காட்டும். சில விநாடி திறந்து வைத்து எடுத்தால் இன்னும் அதிகம். படகுகளை அப்படித்தான் எடுத்தேன். திரையில் படம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம். பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினியும் நம்ம தலைக்கு மேலயா கீது?" என்றாள். வானத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "தெனம் இங்கதான் நிக்கிறேன். யாரும் சொல்லவே இல்லியே."

பிறகு அவள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒரு வஞ்சிர மீன் துண்டு எனக்கு வந்தது. மிளகாய்ப்பொடி நாக்கைப் பொசுக்கியது. மஸ்கட்டில் இதே மீனை எலுமிச்சை மட்டும் தடவிச் சுடுவார்கள், நாகரிகமாக இருக்கும். இது நாகரிகத்தைப் பற்றிக் கவலைப்படாத மீன். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன். ஊர்க்காரர்களுக்கே தெரியாத நட்சத்திரங்களை அந்த ஊரில் வைத்துக் காட்டிய பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஒத்திகை. இடம், அபிராமபுரத்து மொட்டை மாடியேதான் என்று முடிவாகிவிட்டது. முதல் முயற்சி கேவலமாகப் போனது. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே மாடிக்கு எடுத்துப் போனேன், லென்ஸ் முழுக்க வேர்த்து மூடிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மறுபடி பனித்தது. பாலைவனத்துக் காற்றில் பழகியவளுக்கு இது தோன்றவே இல்லை. மாமிதான், "அப்பளம் மாதிரி சித்த நாழி வெளியிலயே வெச்சிருந்து பாருங்கோளேன்" என்றார். வைத்திருந்தேன், சரியாயிற்று.

பாய் தைத்த முக்காட்டைப் போர்த்தி, பார்த்திபன் கடைந்த தகட்டில் கேமராவை மாட்டி, வடக்கே நிமிர்த்தினேன். படம் வந்தது. கீழே விரல் நுனி அளவுக்கு ஒளிவிடும் கோபுரம். நடுவில் வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், துணி காயும் கொடிகள். மேலே, கண்ணுக்கு வராமல் டிமிக்கி கொடுத்த ரிஷிகள் ஏழு பேரும். பெரிதாக்கினால், வால் பக்கம் இரண்டாவதின் தோளை ஒட்டி அருந்ததி. நான் பாலைவனத்தில் எத்தனையோ எடுத்திருக்கிறேன். எதிலும் கீழே மனிதர்களின் துணி காயவில்லை. இதுதான் நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று அப்போதே தெரிந்தது.

லென்ஸை மாற்றி வசிட்டரையும் அருந்ததியையும் மட்டும் நெருக்கமாக வைத்து, மாமியைக் கண் வைத்துப் பார்க்கச் சொன்னேன். படம் எடுக்காமலே, அந்தக் குட்டித் திரையிலேயே இரண்டும் தெரிந்தன.

"இதுதானா?" என்றார். "நான் தனியா ஒண்ணு பெரிசா இருக்கும்னு நெனச்சிண்டிருந்தேன்."

"அப்போ உங்க கல்யாணத்துல மாமி?"

"தெரியறதுன்னு சொன்னேன். எல்லாருந்தான் சொல்லுவா" என்றார். சுபா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. நாளைக்கு இதே நேரம், இதே இடம் என்று அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்தில்தான் அவள் இதற்கு எவ்வளவு ஏங்குகிறாள் என்பது எனக்கு உறைத்தது.

கேமராவில் பார்ப்பது செல்லுமா என்று சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவைத்திருந்தாள். அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "நானே மூக்குக்கண்ணாடி போட்டுண்டுதானே பார்க்கறேன். அதுவும் ஒரு கண்ணாடி, இதுவும் ஒரு கண்ணாடி. ஆகட்டும்." இதில் கண்ணாடியே கிடையாது என்று நான் திருத்தப் போகவில்லை.

கல்யாணம் மாட வீதியை ஒட்டிய சின்ன மண்டபத்தில். தாலி ஏறியது, அம்மி மிதித்தாயிற்று. சாஸ்திரிகள் பழக்கதோஷத்தில் விரலைக் கூரைப் பக்கம் தூக்கினார். விரல் மின்விசிறியைக் காட்டியபோது சுபாவின் முகத்தைப் பார்த்தார். "சாயங்காலம், சாயங்காலம்" என்று தானே சொல்லிக்கொண்டு இறக்கினார். பந்தியில் பருப்பு உசிலியும் அக்காரவடிசிலும். அவியல் எங்கள் ஊர் அவியல் இல்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் கேமராவை மாடியில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழகவிட்டேன். மாமியும் பார்த்திபனின் அக்காவும் ஜோடியாகக் கிளம்பி, சுற்றியிருந்த வீடுகளில் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் மாடி விளக்கையும் பால்கனி விளக்கையும் அணைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்கள். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் இருட்டத் தொடங்கியபோது ஒவ்வொரு வீடாக அணைந்தது. எதிர்வீட்டில் ஒருவர் டிவியைக்கூட நிறுத்திவிட்டு, பால்கனியில் நாற்காலி போட்டு, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். முன்பின் தெரியாத ஒரு கல்யாணப் பெண்ணுக்காக ஒரு தெருவே இருட்டில் உட்கார்ந்தது.

தெரு இருட்டியது. வானம் மூடியது.

மேற்கேயிருந்து மேகம் வந்தது. முதலில் கிழிசல் கிழிசலாக வந்தது, நகர்ந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு பாயை விரித்த மாதிரி வந்து படுத்துக்கொண்டது. எங்கோ இடிச்சத்தம். சாஸ்திரிகள் வந்துவிட்டார், அவருக்குப் பிறகு இன்னோர் இடம் போக வேண்டும். இரண்டு வீட்டு உறவினர்களும் மாடிப்படியில் மூச்சு வாங்கி ஏறி வந்து நின்றார்கள். நான் கேமராவை வடக்கே வைத்து, துவாரத்தில் பார்த்தேன். சாம்பல். இன்னும் வெளிச்சத்தைக் கூட்டினேன். இன்னும் வெளிச்சமான சாம்பல்.

மாமி என் காதருகே வந்தார். "நேத்து எடுத்தது உள்ளே இருக்கோன்னோ? அதைக் காமிச்சுடுங்கோளேன். கொழந்தை மனசு நிறையட்டும்."

காட்டலாம். அந்தக் குட்டித் திரைக்கு இன்றைய வானமும் ஒன்றுதான், நேற்றைய படமும் ஒன்றுதான். ஒரு பொத்தானை அமுக்கினால் அருந்ததி வந்து நிற்பாள். கண்ணை வைத்துப் பார்க்கிறவளுக்கு வித்தியாசமே தெரியாது. சுபா மேல் எனக்கு அவ்வளவு பிரியம், விரலைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு சுபாவை இழுத்து மெதுவாகச் சொன்னேன்: "மேகம், பிள்ளே. நேத்தைய படம் இருக்கு, அதைப் போடட்டா?"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

சாஸ்திரிகள் மந்திரம் சொன்னார். வடக்கே விரல் நீட்டி, "துருவன் அங்க, அருந்ததி இங்க" என்றார். "பாரும்மா. தெரியறதா?"

சுபா குனிந்து கண்ணை வைத்தாள். நெற்றிச்சுட்டி கேமராவில் தட்டியது. அவ்வளவு நேரம் பார்ப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"தெரியல மாமா."

யாரோ ஒரு பெரியவர் பின்னாலிருந்து, "தெரியறதுன்னு சொல்லிடேன்டி, டிபன் ஆறிப்போறது" என்றார். கூட்டம் சிரித்தது. சுபா சிரிக்கவில்லை. நிமிர்ந்தவள் யாரையும் பார்க்காமல் நின்றாள். இவ்வளவு ஜனத்துக்கு நடுவே, இருட்டில் காத்திருக்கிற ஒரு தெருவுக்கு முன்னால், அவள் ஒருத்தி மட்டும் இல்லை என்று சொன்னவளாக நின்றாள். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கக்கூடிய விஷயத்தை நான் கேமராவும் கையுமாக வந்து இப்படி ஆக்கிவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க பாருங்கோ" என்றார் சாஸ்திரிகள். குரலில், நீயாவது ஒரு வழி பண்ணு என்கிற கெஞ்சல் இருந்தது. எல்லார் பார்வையும் பார்த்திபன் பக்கம் திரும்பியது.

பார்த்திபன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எடுத்தார். துவாரத்தைத் துண்டு நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவசரமே படவில்லை.

"எனக்கும் தெரில சாமி" என்றார். பிறகு சுபாவிடம் திரும்பி, "மேகம்தான் கீது, இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றாள் சுபா. "மேகம்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை; விளக்கெல்லாம் அணைந்துதானே இருந்தது. சாஸ்திரிகள் ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை கல்யாணம் செய்துவைத்ததில் இப்படி ஒரு பதில் அவருக்கு வந்திருக்காது. "சரி, ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார். எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "லைட்டைப் போடலாமா?" என்று கத்திக் கேட்டார். போடலாம் என்று மாமி சொன்னார். அதற்குள் நான் அந்த மேகத்தை ஒரு படம் எடுத்துவைத்தேன்.

மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு இரண்டு படங்களையும் சுபாவுக்கு அனுப்பினேன். கோபுரத்துக்கு மேலே அருந்ததி நிற்கிற முந்தின நாள் படம், வெறும் சாம்பலாகக் கிடக்கிற கல்யாண நாள் படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டப் போவதாகச் சொல்லியிருந்தாள். எதை என்று நான் கேட்கவே இல்லை. பிறகு ஒருநாள் வீடியோவில் பேசும்போது அவர்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது. அதில் மேகம் தொங்கிக்கொண்டிருந்தது.

"மத்தது ரொம்ப அழகுக்கா" என்றாள் சுபா. "ஆனா நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தது இதுதானே."